நூடுல்ஸும் தண்ணீர்க் கணக்கும்

மாலை மங்கியதும் நம் ஊர் பஸ் நிலையங்களுக்கு வெளியே ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள் அடுப்பைப் பற்றவைத்துவிடும். அந்த அடுப்பு இரையும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். மாஸ்டர் ஒரு கை முட்டைகோஸ், ஒரு கை கேரட், பொரித்து வைத்த கோழித் துண்டுகள், வேகவைத்து ஆறப்போட்ட நூடுல்ஸ் என்று அள்ளிப் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டை நீட்டிவிடுவார். இழை இழையாகப் பிரிந்திருக்கும், காய் கடிபடும். அதே பாக்கெட் நூடுல்ஸையும் அதே சோயா சாஸையும் வாங்கிவந்து வீட்டில் கிளறினால், பல வீடுகளில் கிடைப்பது ஈரம் கோத்த, குழைந்த ஒரு திரள். ‘கடையில இருக்குற மாதிரி இல்லையே’ என்று பிள்ளைகள் சொல்லும்போது சமைத்தவர் முகம் வாடிவிடுகிறது.

அவர் வாடத் தேவையே இல்லை. கைப்பக்குவம் குறைந்ததால் நூடுல்ஸ் குழையவில்லை. அடுப்பு தரக்கூடிய வெப்பத்தைவிட வாணலிக்குள் விழுந்த தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். இந்த வரவு செலவைப் புரிந்துகொண்டால் வீட்டு அடுப்பிலேயே, வண்டிக்கடைக்கு வெகு அருகில் வரும் ஒரு கோழி நூடுல்ஸைச் செய்துவிடலாம்.

முதலில் வரவு. வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் முழுதாக எரியும்போது சுமார் 2 கிலோவாட் வெப்பம் தரும். நல்ல அடுப்பிலும் இதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் ஏறும். மீதி பக்கவாட்டில் நழுவி சமையலறையைச் சூடாக்கும். ஆக, வாணலிக்கு வந்து சேர்வது 1,200 வாட் என்று வைத்துக்கொள்வோம். பெரிய சீன உணவகங்களின் அடுப்புகள் 20, 30 கிலோவாட் அளவில் எரிபவை. வண்டிக்கடை அடுப்பு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வலியது. வீட்டிலிருக்கும் 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர், வாயுவின் அழுத்தத்தை மிகவும் குறைத்து, நிதானமாக அனுப்புகிறது. வண்டியின் 19 கிலோ சிலிண்டரிலிருந்து வாயு உயர் அழுத்தத்தில் பீறிட்டு வருகிறது. அந்த இரைச்சல் அதனால்தான்.

இனி செலவு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 ஜூல் போதும். ஆனால் கொதிநிலையை எட்டிவிட்ட அதே ஒரு கிராமை ஆவியாக்கி வெளியேற்ற 2,257 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! பள்ளிக்கூடத்தில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று படித்துவிட்டு மறந்துபோனோமே, அதுதான் இது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. அந்தப் பிடியை அறுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே காற்றில் விட இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வினாடிக்கு 1,200 ஜூல் தரும் அடுப்பு, இந்த விலையில், நிமிடத்துக்குச் சுமார் 32 கிராம் தண்ணீரை ஆவியாக்கும். இரண்டு மேசைக்கரண்டி. வீட்டு அடுப்பின் மொத்த வலிமை அவ்வளவுதான். இப்போது அரைக் கிலோ காய்கறியை ஒரே தடவையில் வாணலியில் கொட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை 100 டிகிரிக்குச் சூடாக்கவே இரண்டு நிமிடம் போய்விடும். முட்டைகோஸிலும் குடமிளகாயிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். கேரட்டில் சற்றுக் குறைவு. மொத்தத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தால்கூட 90 கிராம். அதை வற்றவைக்க இன்னும் மூன்று நிமிடம். இந்த ஐந்து நிமிடமும் வாணலியின் அடியில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் வதக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் காய் அவிந்துகொண்டிருக்கிறது.

100 டிகிரியைத் தாண்டாவிட்டால் என்ன குறைந்துவிடும்? மணம் குறைந்துவிடும். 1912-ல் லூயி காமில் மெயிலார்டு என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கும்போது பழுப்பு நிறம் உண்டாவதை விவரித்தார். முறுகிய தோசை, பொரித்த மீன், வறுத்த காப்பிக்கொட்டை என நாம் ‘வறுபட்ட வாசனை’ என்று சொல்லும் எல்லாவற்றிலும் இந்த மெயிலார்டு வினைக்குப் பெரிய பங்கு உண்டு. குறைந்த சூட்டிலும் இது மெல்ல நடக்கும் என்றாலும், சமையல் நேரத்துக்குள் பலன் தெரிய 140 டிகிரியாவது வேண்டும். ஈரமான பரப்பு அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே முதலில் காயவேண்டும், பிறகுதான் நிறமும் மணமும்.

அடுப்பைப் பெரிதாக்க வழியில்லை. வண்டிக்கடை பர்னரை வாங்கி வீட்டுக்குள் பொருத்துவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்; மூடிய சமையலறையில் உயர் அழுத்த வாயு பெரிய ஆபத்து. நம் கையில் இருப்பது இரண்டு வழிகள். வெப்பத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பது ஒன்று. வாணலிக்குள் போகும் தண்ணீரை ஒவ்வொரு இடத்திலும் குறைப்பது மற்றொன்று.

சேமிப்புக்கு இரும்பு வாணலியைப் போல உதவுவது வேறில்லை. 2 கிலோ எடையுள்ள இரும்பு வாணலியை 230 டிகிரிக்குக் காயவைத்தால், அது 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 117 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். அடுப்பு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எரிந்து தரவேண்டிய வெப்பம் இது. 50 கிராம் தண்ணீரை அந்த இரும்பே விரட்டிவிடும். லேசான அலுமினிய வாணலி சட்டென்று சூடாகும், காயைப் போட்டதும் சட்டென்று சோர்ந்துவிடும். நான்ஸ்டிக் வாணலியை இந்தச் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் வாணலியைப் புகைய விட்டால் வரும் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. தோசைக்கல்லைப் பழக்குகிற அதே முறையில் இரும்பு வாணலியையும் பழக்கிக்கொள்ளலாம். மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பின் மேல் கெட்டியான கருப்புப் பூச்சாகப் படிந்துவிடும். அப்புறம் நூடுல்ஸ் ஒட்டாது.

வாணலி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வெப்பமானி வேண்டாம். எண்ணெய் விடுவதற்கு முன், வெறும் வாணலியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சூடு போதாதபோது சொட்டு விழுந்த இடத்திலேயே பரவி, ‘ஸ்ஸ்’ என்று கொதித்து மறையும். 200 டிகிரியை ஒட்டி வேறொன்று நடக்கும்: சொட்டு மணியாகத் திரண்டு, வாணலிக்குள் வழுக்கி ஓடும். உடனே வற்றவும் செய்யாது. சொட்டின் அடிப்பகுதி தொட்ட கணத்திலேயே ஆவியாகி, அந்த ஆவியே மெத்தையாகி, மீதிச் சொட்டை இரும்பைத் தொடவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் யோஹான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டுகளை விட்டு ஆராய்ந்து 1756-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சொட்டு ஓடினால் வாணலி தயார். ஈரம் முழுதும் போனபின் எண்ணெய் ஊற்ற வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 230 டிகிரி அளவுவரை புகையாமல் தாங்கும். செக்கு எண்ணெய் அதற்கு முன்பே புகைந்து கசக்கத் தொடங்கும். அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியேற்றும் மின்விசிறியை அப்போதே போட்டுவிடுங்கள்.

இனி நூடுல்ஸ். மனிதர் கைக்கு இது புதிய பண்டமில்லை. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில் லாஜியா என்ற இடத்தில், மண்ணுக்கடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்துக்குள் நூடுல்ஸ் இழைகள் கிடைத்தன. வயது சுமார் 4,000 ஆண்டு. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் அந்தச் செய்தி வந்தபோது நமக்கு வியப்பளித்தது வேறொன்று: அந்த இழைகள் கோதுமையால் ஆனவை அல்ல, தினையும் பனிவரகும் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோதுமை நூடுல்ஸ் பின்னால் வந்து மற்றதையெல்லாம் ஓரங்கட்டியது. நம் நாட்டுக்கு அது கல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் வழியாக வந்தது. அவர்களில் ஹக்கா மக்கள் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டும் உணவகம் நடத்தியும் வாழ்ந்தார்கள். பாக்கெட்டின் மேல் இன்று ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்றிருப்பது அவர்கள் பெயர்தான்.

அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பொருள்கள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பல நிறுவனங்களின் உறையில் 500, 501 என்ற எண்கள் இருக்கும். 500 என்பது சோடியம் கார்பனேட் வகை, 501 என்பது பொட்டாசியம் கார்பனேட் வகை. நம் வீடுகளில் உளுந்து அப்பளத்துக்குப் போடும் அப்பளக் காரத்துக்கு உறவுக்காரர்கள். இந்தக் காரம் மைதாவிலுள்ள குளூட்டன் புரதத்தை இறுக்கி, இழைக்கு ரப்பர் போன்ற ஒரு நெகிழ்வைத் தருகிறது. மாவிலுள்ள சில நிறமற்ற பொருள்கள் காரம் பட்டதும் மஞ்சளாகும். நூடுல்ஸின் இளமஞ்சளுக்கு முட்டை மட்டும் காரணமில்லை.

வேகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். 60 டிகிரியை ஒட்டி மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். மேலும் வேகவிட்டால் துகள்கள் உடைந்து அமைலோஸ் என்னும் நீள் மூலக்கூறுகள் வெளியே கசியும். கொதிநீர் பால்போலக் கலங்குவதும் இழைகள் ஒட்டுவதும் இதனால்தான். ஆகவே நிறையத் தண்ணீரில், உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது நூடுல்ஸை இட வேண்டும். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஓர் இழையை எடுத்து நகத்தால் வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகத்தின் ஓரம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அங்கே மாவுச்சத்து இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. வடிகட்ட வேண்டிய நேரம் அதுதான். மீதி வேக்காட்டை வாணலியில் சாஸின் ஈரம் பார்த்துக்கொள்ளும். பொட்டு மறையும்வரை காத்திருந்தால் இழை தாங்கக்கூடிய தண்ணீரை முழுக்கக் குடித்துவிடும், வாணலியில் விழுந்ததும் குழையும்.

வடித்ததும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து போகும், வேக்காடும் நிற்கும். பலரும் செய்துவிடும் வேலை இது. பலரும் விட்டுவிடுவது இதற்கு அடுத்தது: உலர்த்துவது. வடிதட்டில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி, அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். காற்று இலவசமாக ஆவியாக்கித் தரும் ஒவ்வொரு கிராமும் அடுப்புக்கு 2,257 ஜூல் மிச்சம். ஆறும்போது வெளிப்புறத்து மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும். இழையின் மேல்தோல் உறுதிப்படும். பழைய சாதத்தில் ஃபிரைடு ரைஸ் உதிரியாக வருவதும் இதே காரணத்தால். வண்டிக்காரர் நூடுல்ஸை முன்னாலேயே வேகவைத்துக் குவித்து வைத்திருப்பது அவசரத்துக்காக என்று நினைப்போம். சுவைக்கும் அதுவே நல்லது.

கோழிக்கு வருவோம். இந்தச் சமையலில் அறிவியல் மிகச் செறிவாக இருப்பது இங்கேதான். பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். தசையின் இழைகளுக்கு இடையே புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் என்ற புரதம் சுருளத் தொடங்கும். கறி வெளுத்துக் கெட்டியாகும், ஆனாலும் சாறு இருக்கும். 65 முதல் 70 டிகிரிக்கு மேல் ஆக்டின் என்ற மற்றொரு புரதமும் சுருண்டு, ஈரத் துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளும். உணவுப் பாதுகாப்புக்கு 74 டிகிரி வேண்டும். அதாவது வெந்தாக வேண்டிய இடமும் வறளத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. நெஞ்சுக்கறி எளிதில் நார்நாராகப் போவது இதனால்தான். சீனச் சமையல்காரர்கள் இதற்குக் கண்ட தீர்வு வேதியியலாளர்களும் மெச்சத்தக்கது.

முதல் வேலை கத்தியில். கறியை உற்றுப் பார்த்தால் இழைகள் ஓடும் திசை தெரியும். அந்தத் திசைக்குக் குறுக்கே, அரை செ.மீ. கனத்துக்கு மேற்படாமல் சீவ வேண்டும். நீளமான நார்கள் துண்டாகிவிடும். பல் செய்ய வேண்டிய வேலையைக் கத்தியே செய்துவிடும். மெல்லிய துண்டு ஒரு நிமிடத்தில் நடுவரை வெந்துவிடும், வறளுவதற்கு நேரமிருக்காது. அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் சீவுவது சுலபம்.

இரண்டாவது, ஊறவைப்பது. கால் கிலோ கறிக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு முட்டை வெள்ளைக்கரு, இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். சாஸிலுள்ள உப்பு மயோசினின் ஒரு பகுதியைக் கரைத்து, தண்ணீரைப் பிடிக்கும் சக்தியைக் கூட்டும். சூடு பட்டதும் வெள்ளைக்கருவும் கார்ன்ஃப்ளாரும் சேர்ந்து துண்டைச் சுற்றி மெல்லிய உறையாக இறுகும். கசியும் சாறு அந்த உறைக்குள்ளேயே கெட்டிப்பட்டு நின்றுவிடும். வாணலிக்குள் போகவிருந்த தண்ணீரை இப்படிக் கறிக்குள்ளேயே சிறைவைத்துவிடுகிறோம்.

இன்னும் மிருதுவாக வேண்டுமென்றால் சமையல் சோடா இருக்கிறது. கோழி இறைச்சி சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் 6-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருக்கும். பிஎச் 5.3-ஐ ஒட்டிய நிலையில் இறைச்சிப் புரதங்களின் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகிவிடும். அவை ஒன்றையொன்று நெருங்கி, தண்ணீருக்கு இடம்விடாது. சோடா அந்த நிலையிலிருந்து கறியை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. ஒரே வகை மின்னூட்டம் மிஞ்சுவதால் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கி, நடுவில் தண்ணீரை அனுமதிக்கும். கால் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, கால் மணி நேரம், பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு மசாலாவில் பிசற வேண்டும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும். மஞ்சள் தடவிய கறி என்றால் ஆங்காங்கே சிவப்பேறலாம். மஞ்சளின் நிறமி காரத்தில் சிவப்பது இயல்பு.

கழுவுவது என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவும்போது சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் தெறித்து, பக்கத்திலுள்ள காய்க்கும் பாத்திரத்துக்கும் பரவும். கொல்வது சூடுதான், தண்ணீர் அல்ல. கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கறியைத் துடைக்காமல் மட்டும் அடுப்பில் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அடுப்பின் ஒரு நிமிட உழைப்பு.

காய்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லியதாக, ஒரே கனத்தில் நறுக்க வேண்டும். கழுவிய காய் உலர்ந்திருக்க வேண்டும். காயின் உறுதிக்குக் காரணமான பெக்டின் 85 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும், ஆகவே ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிட்டால் கடிபடும் தன்மை போகாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் சவ்வூடு பரவலால் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மூடி போடக் கூடாது. மூடினால் ஆவி திரும்பி விழும் என்பதோடு, காயிலிருந்து வெளியேறும் அமிலங்களும் உள்ளேயே தங்கி, பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை விரட்டி பீன்ஸைப் பாசி நிறமாக்கும். வினிகரைக் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்வதற்கும் இதுவே காரணம். முட்டைகோஸை நீண்ட நேரம் வேகவிட்டால் கந்தகச் சேர்மங்கள் கிளம்பி ஒரு நாற்றம் எழும். சிறு வயதில் முட்டைகோஸை வெறுத்த பலருக்குக் காரணம் அந்த நாற்றமாகத்தான் இருக்கும்.

இப்போது அடுப்புக்கு முன்னால் நிற்கிறோம். எல்லாம் நறுக்கி, உலர்ந்து, கையெட்டும் தூரத்தில். வாணலி காய்ந்து, எண்ணெய் நெளிகிறது. கோழியை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு, முக்கால் நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளறத் துடிக்கும் கையைக் கட்டிப்போட வேண்டிய இடம் இது. கறி முதலில் ஒட்டும். அடிப்புறம் சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். புரட்டி, வெந்ததும் தட்டில் எடுத்துவையுங்கள். வாணலியை மறுபடி காயவிட்டு, பூண்டு, இஞ்சி, பிறகு காய் ஒரு பிடி, அதை எடுத்துவிட்டு இன்னொரு பிடி. பிறகு நூடுல்ஸ் தனியாக. அதையும் அரை நிமிடம் சும்மா விட்டால் அங்கங்கே முறுகும். கடைசியில் எல்லாம் ஒன்றுசேரும். இரண்டு பேருக்கு மேல் ஒரே ஈட்டில் செய்ய வேண்டாம். நான்கு பேர் என்றால் இரண்டு ஈடு. 32 கிராம் கணக்கிலிருந்து தப்ப வேறு வழியில்லை.

மாஸ்டர் வாணலியைத் தூக்கிச் சுழற்றுகிறாரே, அதை நாமும் செய்ய வேண்டாமா? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் ஃபிரைடு ரைஸ் செய்யும் சமையல்காரர்களைப் படம்பிடித்து, அந்த அசைவின் இயற்பியலை 2020-ல் வெளியிட்டார்கள். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, வாணலியை முன்னும் பின்னும் இழுத்தபடியே அடுப்பின் விளிம்பில் சாய்த்தாடுகிறார்கள். உணவு ஓயாமல் காற்றில் பறப்பதால் அவ்வளவு பெரிய தீயிலும் கருகுவதில்லை. இப்படி உழைக்கும் சமையல்காரர்கள் பலர் தோள்வலியால் அவதிப்படுகிறார்கள் என்பதும் அந்த ஆய்வுக்கு ஒரு தூண்டுதல். வீட்டில் கருகும் அளவுக்குத் தீயே இல்லை. வாணலியைத் தூக்கினால் இருக்கிற வெப்பமும் போய்விடும். தோசைத் திருப்பியால் அடியோடு அள்ளிப் புரட்டினால் போதும். தூக்கிச் சுழற்றும்போது எண்ணெய்த் திவலைகள் வாணலியின் விளிம்பில் தீப்பற்றி எரிந்து ஒரு புகைமணத்தை உணவில் ஏற்றும். அந்த ஒன்று மட்டும் வீட்டில் வராது. அதை வண்டிக்கடைக்கே விட்டுவிடலாம்.

சோயா சாஸை நூடுல்ஸின் தலையில் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில், சூடான இரும்பின் மேல் வளைத்து விடுங்கள். தண்ணீர் அங்கேயே சீறிப் போய்விடும். சாஸிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒரு கணம் பொரிந்து மணக்கும். சோயாவும் கோதுமையும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் நொதித்து உருவானது சாஸ். புரதம் உடைந்து குளுட்டமேட் நிரம்பியிருக்கும். உமாமி என்று பெயரிட்டு அதன் சுவையை 1908-ல் கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்துக் காட்டியவர் டோக்கியோவின் கிகுனே இகேடா. கோழிக்கறியில் இயல்பாகவே இனோசினேட் என்ற பொருள் இருக்கிறது. குளுட்டமேட்டும் இனோசினேட்டும் நாக்கில் ஒன்றாகச் சேரும்போது, தனித்தனிச் சுவைகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு அதிகச் சுவை தெரியும் என்று ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா பின்னர் கண்டுபிடித்தார். கோழியும் சோயா சாஸும் இவ்வளவு பொருந்துவதன் ரகசியம் இது.

அஜினமோட்டோ என்று நாம் அழைக்கும் உப்பும் அதே குளுட்டமேட்தான். 1968-ல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய, அது உடலுக்குக் கெடுதல் என்ற அச்சம் இன்னும் ஓயவில்லை. எது குளுட்டமேட், எது போலி என்று இருதரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1987-ல் அதற்குத் தினசரி உச்சவரம்பு குறிக்கத் தேவையில்லை என்றது. உண்மையில் கவலைப்பட வேண்டியது சாஸிலுள்ள சோடியம். ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் சாஸைப் பாதியாக்கி, தனி உப்பை விட்டுவிடுங்கள். மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் இறக்கும் நேரத்தில் தூவினால், அவற்றின் ஆவியாகும் எண்ணெய்கள் பறக்காமல் நின்று உப்புக் குறைவை ஈடுகட்டும்.

மிஞ்சினால்? மாவுப் பண்டங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிவிடும். அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், அந்த நஞ்சு அழியாது. முன்கூட்டி வேகவைத்த நூடுல்ஸுக்கும் இது பொருந்தும். நம் கோடைக்கு ஒரு மணி நேரமே எல்லை. அதற்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவெல்லாம் சமையல் மேடையில் கிடந்ததைக் காலையில் சூடுபண்ணிக் குழந்தையின் டிபன் பாக்ஸில் வைக்காதீர்கள்.